கள்ளன் கழற்றி வைத்த செருப்பு

பலேர்மோவில் வீட்டு வேலைக்குப் புதிதாக இறங்கியிருக்கும் பிள்ளைகளே, சட்டைக் கொலரை எப்படி அயன் பண்ணுவது, வீட்டுக்கார சிஞ்ஞோராமாரின் கண்ணாடிக் கிளாசை எந்தத் துணியால் துடைப்பது என்றெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. இரண்டு கிளாசை உடைத்துப் பேச்சு வாங்கினால் அதெல்லாம் தானாக வந்துவிடும். நான் சொல்ல வந்தது நடையைப் பற்றி. வேலை வீட்டுக்குள் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பற்றி. சிரிக்காதீர்கள். நடக்கத் தெரியாததால் நான் பல தரம் சாகப் பார்த்தேன், அதுவும் சாகப் பார்க்கிறேன் என்றே தெரியாமல்.

தொண்ணூறுகளில் நான் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் வேலை செய்தேன். வீட்டுக்காரர் நகைக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நான் அவரை சிஞ்ஞோரே, அதாவது ஐயா, என்று கூப்பிட்டேன். அவர் என்னை மரியா என்று கூப்பிட்டார். என் பெயர் அருள்மலர். இரண்டு மாதம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், அவருடைய நாக்கு மடங்க மாட்டேன் என்றது, விட்டுவிட்டேன். எங்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஊரில் மரியாதானே.

அந்த வீட்டின் நடுவே நீளமான ஒரு நடை. இரண்டு பக்கமும் அறைகள். ஒரு முனையில் முன்வாசல், மறுமுனையில் சமைக்கிற குசினி, குசினியிலிருந்து பின்படிக்குப் போக ஒரு கதவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் யன்னல் பலகைகளையெல்லாம் இழுத்துச் சாத்திவிட்டு சிஞ்ஞோரே படுத்துவிடுவார். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. கட்டடம் முழுக்கக் குறட்டை விடுகிற அந்த நேரத்தில்தான் நான் கரண்டிகளை அடுக்குவேன், ஊத்தை உடுப்புகளைப் பொறுக்குவேன், தோய்த்த விரிப்புகளை அலுமாரியில் வைப்பேன். எல்லாம் வெறுங்காலோடு.

வெறுங்காலோடு நடக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. செருப்பைக் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது என் பழக்கம். அந்த வீட்டில் அறைக்கு ஒரு மாதா படம். மாதாவுக்கு முன்னால் செருப்போடு நடந்தால் எனக்குக் கால் கூசும். சிஞ்ஞோரே சப்பாத்தோடு கட்டில் வரைக்கும் போவார். அது அவருக்கும் மாதாவுக்கும் இடையில் உள்ள விஷயம், நான் தலையிடவில்லை.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, மறைக்காதீர்கள். எங்களுக்கு வேறு அலுவல் வந்தால் லீவு கேட்க மாட்டோம். வேறொரு ஆளை அனுப்பிவிடுவோம். சீசா என்ற பகுதியில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த ஸ்டெல்லாவைத்தான் நான் அனுப்புவேன். எங்கள் ஊர்த் தீவுப்பக்கத்துப் பெட்டை, பயந்த சுபாவம், ஆனால் கை சுத்தம். கொழும்பில் அக்கா வீட்டில் விட்டு வந்த என் பிள்ளைகளுக்காக எனக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. அதற்காக இடைக்கிடை இந்த ஊரின் காவல் புனிதை ரொசாலியா அம்மாவின் மலைக்கு ஏறிப் போவேன். அந்த நாட்களில் வேலை வீட்டுக் கதவுத் திறப்பை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிடுவேன். சிஞ்ஞோரேயிடம் சொல்ல மாட்டேன். ஒரு தமிழ்ப் பெண் வந்தாள், வேலை முடிந்தது, மரியா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள், அவருக்கு வேறென்ன வேண்டும் என்பது எங்கள் நினைப்பு.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஞாயிறு மத்தியானம் மகள் சிஞ்ஞோரா வருவா. அவவின் புருஷன், யூனிவர்சிட்டியில் கணக்குப் படிப்பிக்கிற பேராசிரியர், கூட வருவார். சிஞ்ஞோரேயின் பழைய சிநேகிதர் ஒருவர், பொலிசில் இருந்து ஓய்வு பெற்றவர், தொப்பை முன்னே வர அவர் பின்னே வருவார். சாப்பாடு தொடங்கினால் துவக்குக் கதையும் தொடங்கும். வீட்டில் கள்ளனைச் சுடத் துவக்கு வைத்திருக்கிறவன் தன்னைக் காப்பாற்ற அதை எத்தனை தரம் பாவிக்கிறான் என்பதுதான் சண்டை. எத்தனையோ ஞாயிறு, அதே சண்டை. அவர்கள் இத்தாலியனில்தான் கதைத்தார்கள். எனக்கு எல்லாம் என் தமிழில்தான் ஞாபகம், அப்படியே சொல்கிறேன்.

"எத்தினை கள்ளன் துவக்கைக் கண்டு ஓடுறான் தெரியுமே?" என்பார் பொலிஸ்காரர். "ஓடினதோட அலுவல் முடிஞ்சுது. ஆர் வந்து பொலிசிலை சொல்லுறான்? அதாலை கணக்கிலை வாறேல்லை."

"கனவிலை வந்த கள்ளனைப் பற்றியும் ஒருத்தரும் பொலிசிலை வந்து சொல்லுறேல்லை," என்பார் பேராசிரியர். "ஆனா சாப்பாட்டு மேசையிலை ரெண்டு கள்ளனும் ஒண்டாத்தான் வந்து இருக்கிறான்."

"சுடாமல் காட்டினாலும் பாவிச்சதுதான்!"

"காட்டினதைக் கள்ளன் கண்டவனோ? இருட்டிலை நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிண்டது அவனுக்குத் தெரியுமோ? பூனை பாஞ்சாலும் துவக்காலை பாஞ்சது எண்டு எழுதுவியளே?"

மகள் சிஞ்ஞோரா கண்ணை மேலே உருட்டுவா. நான் தட்டுகளை எடுப்பேன். எனக்கு என்ன, துவக்குகளிலிருந்து தப்பித்தானே நான் இந்த ஊருக்கே வந்தேன். இது படித்த ஆட்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.

அப்படியொரு ஞாயிறு. அடுத்த கிழமை நான் பிள்ளைகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போக இருந்தேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஒரு மாதத்துக்கு ஸ்டெல்லாதான் என் இடத்தில். இந்த முறை நீண்ட நாள் என்பதால் வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு வளையம் வளையமான பாஸ்தாவை அவணில் வேகவைத்து, தட்டோடு தூக்கிக்கொண்டு வருகிறேன். வழமையாகப் பேசாமல் சாப்பிடுகிற சிஞ்ஞோரே முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாலு தரம்," என்றார்.

"என்ன நாலு தரம்?" என்று மகள் கேட்டா.

"என்ரை துவக்கு என்னை நாலு தரம் காப்பாத்தியிருக்கு. இந்த வீட்டிலை. மத்தியானத்திலை."

பொலிஸ்காரரின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எனக்கு அந்த வீட்டில் துவக்கு இருப்பதே அப்போதுதான் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்து மேசை லாச்சியை அவர் எப்போதும் பூட்டியே வைத்திருந்தார். கிழவர் அதற்குள் சொக்லேட் ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

சிஞ்ஞோரே சொல்லத் தொடங்கினார். முதல் தரம் நடையில் ஒரு கள்ளன். காலடிச் சத்தமே இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும். கதவு இடுக்கால் பார்த்தால் கையில் வெள்ளையாக ஏதோ ஒன்று. அவர் துவக்கை நீட்டிக்கொண்டு "ஆர் அது?" என்று கத்தியிருக்கிறார். கள்ளன் சத்தமில்லாமல் மறைந்துவிட்டான். இரண்டாம் தரம் சாப்பாட்டு அறையில் வெள்ளிக் கரண்டிகளைத் தடவிய கள்ளன். மூன்றாம் தரம் குளியலறையில் குனிந்து எதையோ பொறுக்கிய கள்ளன்.

நான் தட்டோடு நின்றேன். கையில் வெள்ளையாக இருந்தது நான் மடித்த விரிப்பு. கரண்டியைத் தடவியது நான். குளியலறையில் குனிந்து பொறுக்கியது அவருடைய காலுறையை. "ஆர் அது?" என்ற சத்தமும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கிழவர் கனவு கண்டு பிதற்றுகிறார், பாவம், நித்திரையைக் குழப்பக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பிப் போனவள் நான்தான். என் முதுகுக்கு நேரே துவக்கு நின்றிருக்கிறது. பிள்ளைகளின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகை வந்தது.

"நாலாவது கள்ளன்," என்றார் சிஞ்ஞோரே, "சாட்சியோட வந்தவன்." எழுந்து போய் ஒரு பையோடு வந்து, அதற்குள்ளிருந்து ஒரு சோடி றப்பர்ச் செருப்பை எடுத்து மேசையில், பாணுக்குப் பக்கத்தில் வைத்தார். நீல வார். "கத்தின கத்திலை குசினிக் கதவடியிலை இதை விட்டிட்டு வெறுங்காலோட ஓடியிட்டான்."

"எப்பிடிக் கிடந்தது?" என்று பேராசிரியர் கேட்டார்.

"சோடியா. சுவரோட. வடிவா."

"செருப்பைக் கழட்டி ஒழுங்கா அடுக்கி வைச்சிட்டோ கள்ளன் உள்ளுக்கு வந்தவன்?"

"சத்தம் கேளாமல் இருக்க," என்றார் பொலிஸ்காரர், செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "பழகின ஆள். சின்னக் கால். பெடியன்."

அது பலரோ சந்தையில் ஸ்டெல்லா வாங்கிய செருப்பு. நான் மலைக்குப் போன ஒரு நாளில், வயிற்றுக்குத்து என்று சொல்லி அவள் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது நினைவுக்கு வந்தது. செருப்பு எங்கே என்று கேட்டேன், பஸ்சில் அறுந்துவிட்டது என்றாள்.

"மரியாவைக் கேளுங்கோவன்," என்றா மகள் சிஞ்ஞோரா. "அவள்தானே வீட்டிலை நிக்கிறது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேராசிரியருக்கு ஒரு கள்ளனும் வரவில்லை என்று நான் சொல்ல வேண்டும். பொலிஸ்காரருக்கு நாலு பேரும் வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். இந்த நாட்டில் இருக்க விடுகிற என் பெர்மெஸ்ஸோ அனுமதியைப் புதுப்பிக்க வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறவர் சிஞ்ஞோரே. நான் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, என்னை விட்டால் கெட்டிக்காரி இல்லை என்ற நினைப்பில் சொன்னேன்:

"ஓம், ஆரோ நிண்டது உண்மைதான். சிஞ்ஞோரே சத்தம் போட்டவுடனை ஆள் போயிட்டுது. ஒண்டும் களவு போகேல்லை."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சிஞ்ஞோரேயின் நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. "கேட்டியளோ!" என்று மேசையில் அடித்தார். "இனிமேல் கத்திக்கொண்டு நிக்க மாட்டன். அடுத்த தரம் நேரே வெடிதான்."

"அதுதான் சரி," என்றார் பொலிஸ்காரர். பிறகு, முப்பது வருஷப் பழக்கம் விடுமா, மெதுவாகக் கேட்டார்: "கடை நடத்தின காலமெல்லாம் ஒரு கள்ளனும் வரேல்லை. இந்தப் பிள்ளை வேலைக்கு வந்த பிறகு நாலு பேர். பூட்டு ஒண்டும் உடையேல்லை. திறப்பு ஆரிட்டை இருக்கு?"

இப்போது எல்லாரும் என்னை வேறு மாதிரிப் பார்த்தார்கள்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் என்னைப் போல நீங்களும் ஒருநாள் நிற்பீர்கள், துவக்கு இல்லாவிட்டாலும் வேறெதற்காவது. எல்லாருக்கும் பிடித்த மாதிரி ஒரு பதில் சொல்லிவிட்டுக் கெட்டித்தனம் என்று நினைப்பீர்கள். அந்தப் பதில் திரும்பி வந்து உங்கள் கழுத்தைப் பிடிக்கும். நான் சொன்ன ஒரு வசனத்தில் ஸ்டெல்லாவுக்கு வெடியும் எனக்கு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரும் ஏற்பாடாகிவிட்டது. சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றால், மேசையில் வைத்துச் சொல்ல முடியாது. மருமகனுக்கு முன்னால் கிழவர் வெட்கப்படுவார். வெட்கப்பட்டவர் கோபப்படுவார். கோபப்பட்டவரிடம் துவக்கு இருக்கிறது.

பாஸ்தாத் தட்டை மேசை நடுவில் வைத்தேன். "சிஞ்ஞோரே, ஒருக்கால் குசினிக்கு வாங்கோ," என்றேன்.

அவர் திகைத்துப் போனார். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் குசினிக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும், எழுந்து வந்தார். கதவைச் சாத்தினேன்.

"சிஞ்ஞோரே, என்ரை காலைப் பாருங்கோ."

பார்த்தார். வெறுங்கால்.

"இப்ப நான் நடக்கிறன், கேளுங்கோ." குசினியில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடந்தேன். ஒரு சத்தமும் இல்லை. விரிப்பு மடித்ததைச் சொன்னேன். கரண்டியைச் சொன்னேன். காலுறையைச் சொன்னேன்.

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "ஆர் அது எண்டு கத்தினனே. ஏன் வாய் திறக்கேல்லை?"

"கனவு காணுறியள் எண்டு நினைச்சன். எழுப்பக் கூடாதெண்டுதான் மெதுவாப் போனனான்."

"மெதுவாப் போனியோ!" என்றார். பிறகு அந்த மெதுவின் அர்த்தம் அவருக்கு விளங்கியது. முகம் வெளிறிவிட்டது. "ஒருக்கால் விரல் விசையிலை இருந்தது, மரியா," என்றார். "தும்மல் வந்தது. அடக்கினனான்."

"வெடி போட்டு வைச்சிருந்தனீங்களோ?"

"வெடி இல்லாத துவக்குக்குக் கள்ளன் பயப்பிடுவானே?"

நானும் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். முதலாளிக்கு முன்னால் உட்காரக் கூடாது என்பதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே ஞாபகம் வரும். "எனக்குக் கொழும்பிலை ரெண்டு பிள்ளையள்," என்றேன். "அடுத்த கிழமை வாறவள் கலியாணம் கட்டாத பெட்டை. துவக்கு இண்டைக்கே இந்த வீட்டை விட்டுப் போக வேணும். இல்லாட்டி நானும் வர மாட்டன், அவளும் வர மாட்டாள்."

சுவருக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. சிஞ்ஞோரே அந்தச் சிரிப்பின் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு, கடையில் விலை பேசுகிற குரலில், "நாலும் நீதானோ?" என்று கேட்டார்.

நான் எழுந்து அவருக்கு ஒரு கிளாசில் தண்ணீர் வார்த்து வைத்தேன்.

"வாழ்நாள் முழுக்கக் கள்ளனுக்குப் பயந்து பயந்து நித்திரை கொண்டவன் நான்," என்றார். "நாப்பது வருஷம் ஷட்டரை ரெண்டு தரம் இழுத்துப் பாத்துப் பூட்டினன். கடைசியிலை ஒருத்தன் கூட வரேல்லை எண்டால் அவன் என்னை என்ன நினைப்பான்?" மருமகனைத்தான் சொன்னார். "மூண்டை எடு. ஒண்டை மட்டும் விடு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவர் எந்த ஒன்றைக் கேட்கிறார் என்று தெரியும்.

"அந்தச் செருப்பு என்ரை இல்லை, சிஞ்ஞோரே," என்றேன். "என்ரை கால் பெரிசு. அண்டைக்கு நான் ரொசாலியா அம்மாவின்ரை மலையிலை நிண்டனான்." இதிலும் ஒரு சொல் பொய் இல்லை.

அவர் என் காலை இன்னொரு தரம் பார்த்தார். பெரிய கால்தான். அவருக்கு உயிர் வந்தது. எழுந்து மேற்சட்டையைச் சரிசெய்துகொண்டு, எனக்கு முன்னால் நடந்து மேசைக்குப் போனார்.

"மூண்டு காத்துச் சத்தம்," என்று அறிவித்தார். "நான்தான் பிழையா விளங்கியிட்டன். ஒண்டு உண்மை."

"அப்ப அவன் எப்பிடி உள்ளுக்கு வந்தவன்?" பொலிஸ்காரர் விடவில்லை.

"பின்படிக் கதவை நான்தான் பூட்ட மறந்தனான். மரியாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை." பிறகு அறைக்குப் போய் வெடிகளைக் கழற்றி, துவக்கை மேசைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து சிநேகிதரிடம் கொடுத்தார். "இது தன்ரை வேலையைச் செய்து முடிச்சிட்டுது. நாளைக்கே பொலிசிலை குடுக்கிற இடத்திலை கொண்டுபோய்க் குடு. நானும் ஓய்வு, அதுவும் ஓய்வு."

"நாலிலை மூண்டு காத்து!" என்று தொடங்கிய பேராசிரியர், பாஸ்தா பரிமாற நான் பக்கத்தில் வந்ததும் நிறுத்தினார். குனிந்து என் காலைப் பார்த்தார். மேசையில் கிடந்த செருப்பைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். மீசைக்குக் கீழே உதடு துடித்தது. கணக்குப் படிப்பிக்கிற மனிசன், கூட்டிப் பார்க்காமல் இருப்பாரா. ஆனால் "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று தட்டைத்தான் நீட்டினார். அந்த மனிசனில் அன்றைக்கு எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

நான் கொழும்புக்குப் போய்ப் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தேன். போவதற்கு முன்னால் ஸ்டெல்லாவுக்கு ஒரு சோடி மரக்கட்டைச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குள்ளே இதைத்தான் போட வேண்டும், திறப்பு இருந்தாலும் மணி அடித்துத்தான் போக வேண்டும், கிழவர் ஆர் அது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டாள். மாதாவுக்கு இந்தச் சத்தம் பிடிக்கும் என்றேன். துவக்குக் கதையைச் சொல்லியிருந்தால் அவள் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாள், என் டிக்கெட் என்ன ஆகும். கீழ்வீட்டுக்காரி டக்கு டக்கு என்று தலைக்கு மேலே கேட்கிறது என்று சண்டைக்கு வந்தாளாம். வரட்டும். சண்டைக்கு வருகிறவள் வெறுங்கையோடுதான் வருவாள்.

உங்களுக்கு நான் சொல்வதும் அதுதான். மற்றவன் வீட்டில் சத்தத்தோடு நடவுங்கள். இருமுங்கள், வாளியை இடியுங்கள், வேண்டுமென்றால் பாடுங்கள். ஆளை மாற்றி அனுப்பினால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள். அவர்களுக்கு எங்கள் முகம் வித்தியாசம் தெரியாது என்று நாங்கள் நினைக்கிறோம். தெரியாவிட்டால்தான் பிள்ளைகளே ஆபத்து.

சிஞ்ஞோரே அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்தார். ஒரு மத்தியானம் படுத்தவர் எழும்பவில்லை, நல்ல சாவு. வீடு நிறைய ஆட்கள். தனியாகச் சமாளிக்க ஏலாமல் ஸ்டெல்லாவையும் உதவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இருவரும் கோப்பித் தட்டோடு நிற்கும்போது பொலிஸ்காரர், கண் கலங்கியபடி, வந்தவர்களுக்குக் கள்ளன் கதையைச் சொல்லத் தொடங்கினார். இருட்டு, துவக்கு, ஒரே ஒரு கத்து, கள்ளன் ஓடிய ஓட்டம். எல்லாரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். "ஒண்டு," என்றார் பேராசிரியர். "அந்த ஒண்டை நானும் ஒத்துக்கொள்ளுறன்."

பொலிஸ்காரர் அதோடு நிறுத்தவில்லை. நகைக்கடைக் காலத்து இரும்புப் பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார். ஒரு காலத்தில் வைரம் இருந்த தட்டில் வெல்வெட்டுத் துணி விரித்து, அதன் மேல் நீல வார் வைத்த றப்பர்ச் செருப்பு, சோடியாக. ஆட்கள் ஒவ்வொருவராகக் கிட்டப் போய்ப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டார்கள்.

ஸ்டெல்லா என் கையைக் கிள்ளினாள்.

"அக்கா, அது என்ரை செருப்பெல்லே?"

"கள்ளன்ரை செருப்பு," என்றேன். "பேசாமல் கோப்பியைக் குடு."